மணி ஓயும் முன் இருந்த பெயர்

அத்தியாயம் ஐந்து

இவர் எதற்காக எனக்கு மறுபடியும் தேத்தண்ணி ஊற்றுகிறார்?

ஜோசலின் கோப்பையைப் பார்த்தாள். ஊற்றுகிற கையைப் பார்த்தாள். தடித்த, அன்பான கை. உபசாரம் சிலருக்குப் பிறவிக் குணம், சிலருக்கு முன்னேற்பாடு. இது எது என்று அவளுக்குள் இருந்த பழைய வியாதி கேட்டது. யாராவது தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக நல்லவராக இருந்தால் போதும், அந்த வியாதி எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால் சில சிநேகிதிகளை இழந்திருக்கிறாள். அதை வைத்துத்தான் சிரம்பானின் லோபாக்கில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில், பிழைப்பும் நடக்கிறது. இணையப் பக்கம் ஏன் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துத் தர வேண்டுமா, ஜோசலினிடம் போங்கள் என்று சிரம்பானில் சிலர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

"குடிங்கம்மா. ஆறிடும்" என்றார் அமிர்தலிங்கம்.

லாபுவில், ஆறாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தலைவர் அவர். கோயில் அலுவலக அறையில் அவருக்குப் பின்னால் அவருடைய மனைவியின் படம் மாட்டியிருந்தது. மாதர் குழுத் தலைவியாக இருந்தவர். மாலை, சின்னச் சிவப்பு பல்பு, அடியில் இந்த ஆண்டு ஜனவரித் தேதி. சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. நடுவில் பழைய லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் இப்போது புல் மட்டும்.

"நம்ம ஊரு பழக்கம் உங்களுக்குச் சொல்லிடறேன். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு திருவிழா நாள். ரத நாளு, லோரி லயத்து சன்னாசி குடும்பத்துக்கு. அவங்கதான் ரதத்துல மொத விளக்கு ஏத்துவாங்க. எல்லாரும் நீலாய், அம்பாங்கான்னு போயிட்டதால வெப்சைட் போட்டோம். குறிச்ச நாளுக்குள்ள அவங்கவங்க நாளை உறுதி பண்ணணும். பண்ணலன்னா தலைவர் வீட்டுக்கு வந்துரும். வந்துச்சுன்னா அப்புறம் திரும்பப் போகாது. அது தோட்டத்துல கணக்கெழுதுன பழைய கிராணி காலத்துச் சட்டம்."

"சன்னாசி மனைவி செல்லம்மா உறுதி பண்ணேன்னு சொல்றாங்க."

"சொல்லுது. பாவம், புருசன் போன துக்கம்." அமிர்தலிங்கம் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "யோகேந்திரா, படத்தைக் காட்டு."

கோயில் செயலாளர் யோகேந்திரன் ஒரு வண்ணப் பிரதியை மேசையில் வைத்தார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் பேனா. "வெப்சைட்டு செஞ்ச சசிதரன் பையன் உள்ளுக்குள்ள தப்பா எழுதி வச்சிருக்கான்மா. அந்தம்மா விவரத்தையே போட்டு நானே அழுத்திப் பாத்தேன். கன்சோல்ல என்னா வந்துச்சுன்னு பாருங்க."

கன்சோல் என்பது இணையப் பக்கத்தின் பின்கட்டு. நிரல் எழுதுகிறவன், வேலை நடக்கும்போதே தனக்காக அங்கே செய்தி விட்டுக்கொள்வான். இந்த இடத்துக்கு வந்தேன், என் கையில் இது இருக்கிறது என்று. அதற்குப் பெயர் console.log. பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. விசையைத் தட்டித் திறந்தால்தான் தெரியும்.

சசிதரன், பொத்தானை அழுத்தியதும் நடக்கும் முதல் காரியமாக அப்படியொரு வரி போட்டிருந்தான். பதிவில் உள்ள விவரங்களை அப்படியே அங்கே காட்டும் வரி. படத்தில் அந்த வரி திறந்து கிடந்தது. லயம், தொலைபேசி எண், நாள் என்று நீண்டு, கீழே உபயக்காரர் என்ற இடத்தில் அமிர்தலிங்கம்.

"மொத வரியிலயே என் பேரு" என்றார் தலைவர் வருத்தத்தோடு. "அப்ப அந்தப் பொண்ணு அழுத்துனப்பவே பதிவு தப்பாப் போயிருச்சு. அது பேருல பதிவே ஆகல. நாளும் தாண்டிப் போச்சு. நான் என்னா செய்ய முடியும் சொல்லுங்க? நீங்க வெளி ஆளு, வேதக்காரப் பொண்ணு, யாருக்கும் சாய மாட்டீங்க. ஒரு ரிப்போர்ட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டா ஊரு வாய அடைக்கும். சாயங்காலம் திருவிழா நோட்டீசு அச்சுக்குப் போவுது."

ஜோசலின் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். திறந்து கிடந்த அந்த வரியின் ஓரத்தில், தூசி ஒட்டியதுபோல, ஒரு சின்ன நீலக் கட்டம். அதற்குள் ஓர் எழுத்து. அவள் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"ரொம்ப நல்ல தேத்தண்ணி அங்கிள்" என்றாள். "நானும் ஒரு தடவை அழுத்திப் பாத்துட்டு வரேன்."

---

வெளியே, வேன்காரி பஞ்சாலை தன் வேனின் பக்கவாட்டுக் கதவில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். முன்பு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வேன். இப்போது ஜோசலினை ஏற்றுகிறது.

"என்னா ஜோசு, மொகம் புளிச்ச மாதிரி இருக்கு. சீனி போடலயா?"

"ரொம்பப் போட்டுட்டாரு."

"அப்ப சந்தேகப்பட்டிருப்பியே. ஒனக்கு ஒருத்தன் பாதையில வழி விட்டாலே பின்னாடி நம்பர் பிளேட்டைப் படிப்ப." பஞ்சாலை விதைத் தோலைத் துப்பினாள். "காடி ஓட்டத் தெரியாத துப்பறிவாளி இந்த மலேசியாவுலயே நீ ஒருத்திதான். திருடனைத் தொரத்தணும்னா எனக்கு மொதல்ல வாட்ஸ்அப் பண்ணணும். நான் பாசாவுல மீனு வாங்கறத விட்டுட்டு வரணும். அதுவரைக்கும் அவன் நிக்கணும்."

"இவங்க ஓட மாட்டாங்க அக்கா. செல்லம்மா எங்க?"

செல்லம்மா கோயிலின் பின்புறம், தகரக் கொட்டகையில் நின்ற ரதத்தின் பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டாத முகம். கையுறைத் தொழிற்சாலையின் நீலச் சட்டை. இரவு வேலை முடித்து நேரே வந்திருக்கிறாள்.

"நாளு இல்லன்னு சொல்லிட்டாங்க. வெளக்கு வெளக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றாள், தலையைத் தூக்காமல்.

ஜோசலின் பக்கத்தில் குந்தினாள். "அன்னிக்கு என்னா நடந்துச்சு அக்கா? அழுத்துனதுல இருந்து சொல்லுங்க."

"சாமி மேடைக்கு முன்னாடி உக்காந்துதான் அழுத்துனேன். என் பேரு வந்துச்சு. 'ரத நாள் உபயம், செல்லம்மா, உறுதி'ன்னு. அத அப்படியே படம் புடிச்சு வச்சிக்கிட்டேன். காட்டுனதுக்கு, கோயிலுக்கு வந்து சேந்த பேரு வேறன்னுட்டாங்க. மணி அடிச்சிச்சு. கும்பிட்டேன்."

"மணியா?"

"அதுல கோயில் மணிச் சத்தம் வருமே லா. அழுத்துனா மணி அடிக்கும். லைட்டெல்லாம் கலர் கலரா மின்னும். மணி நின்னாத்தான் பதிவு கோயிலுக்குப் போயிச் சேரும்னு யோகேந்திரன் அண்ணன் சொல்லியிருந்தாரு. நான் போனை அம்மன் படத்துக்கு முன்ன வச்சிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன். அவரைத்தான் நெனச்சேன். கண்ணத் தெறந்தா வேற பக்கம் வந்துருச்சு."

அவள் ஒரு விளக்கை வெளிச்சத்துக்கு எதிரே திருப்பிப் பார்த்தாள். "அவரு லோரி ஓட்டுனவரு. வருசம் பூரா ரோட்டுல. இந்த ஒரு நாளுதான் அவரு பேரைச் சொல்லி மைக்குல கூப்புடுவாங்க. அவருக்கு அப்பறம் நான் ஏத்தறேன்னு ஆஸ்பத்திரில சொன்னேன். சரின்னு தலையாட்டுனாரு. அவ்வளவுதான்."

வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆத்திரம் அந்தக் குரலில் இல்லை. புளியைப் பிழிகிற நிதானம்தான் இருந்தது. அதுவே ஜோசலினைச் சந்தேகப்பட வைத்தது. இவ்வளவு அமைதியாக ஒருத்தி பொய்யும் சொல்லலாம். உண்மையும் சொல்லலாம். முகங்களைப் படித்து அவள் ஜெயித்ததே இல்லை. அதனால்தான் கன்சோலை நம்பினாள். அது ஊற்றிக் கொடுக்காது, கண் கலங்காது, கேட்டதைச் சொல்லும்.

---

கோயில் மண்டபத்தின் மூலையில் பிளாஸ்டிக் மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்தின் நகலொன்றை அதில் எடுத்துவைத்திருந்தாள். இதில் எதை அழுத்தினாலும் கோயிலுக்குப் போகாது.

"நீங்க அழுத்துங்க அக்கா. செல்லம்மா விவரம். நான் பாக்கறேன்."

"அதான பாத்தேன். பழி வந்தா என் விரலு."

பஞ்சாலை அழுத்தினாள். கணீரென்று மணி ஒலித்தது. பக்கத்தின் விளிம்பெல்லாம் தீபாவளிக் கடை போலக் கலர் பல்புகள் ஓடின. கன்சோலில் சசிதரனின் வரி ஒன்று வந்து விழுந்தது. ஆனால் விவரங்கள் நிறைய என்பதால் முதல் சிலவற்றை மட்டும் காட்டிவிட்டு மூன்று புள்ளிகளோடு நின்றது. உபயக்காரர் பெயர் தெரிய வேண்டுமானால் பக்கத்திலிருந்த அம்புக்குறியை அழுத்தி வரியை விரிக்க வேண்டும்.

"விரிங்க" என்று சொல்லத் திரும்பினாள் ஜோசலின். பஞ்சாலை கணினியின் எலியை விட்டுவிட்டுக் கைகூப்பிக் கண்மூடி நின்றிருந்தாள்.

"அக்கா."

"மணி அடிக்குது லா. சும்மா இரு."

மணி ஓய்ந்தது. பஞ்சாலை கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாவகாசமாக அம்புக்குறியை அழுத்தினாள். வரி விரிந்தது.

உபயக்காரர்: அமிர்தலிங்கம்.

"போச்சு" என்றாள் பஞ்சாலை. "அவங்க சொன்னதுதான் சரி. மொத வரியிலயே அந்தாளு பேரு. வா, தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிட்டுக் கெளம்புவோம்."

ஜோசலின் அசையவில்லை. விரிந்த வரியின் ஓரத்தில், வண்ணப் பிரதியில் இருந்த அதே நீலக் கட்டம். "இன்னொரு தடவை. இந்தத் தடவை எலி என் கையில."

அழுத்தினாள். மணி தொடங்கியது. பஞ்சாலையின் கைகள் தாமாகக் குவிந்தன. ஜோசலின் மேரி மாதா கோயிலில் திருமுழுக்குப் பெற்றவள். அந்த மணிக்கு அவள் கண்கள் மூடப் பழகவில்லை. மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அம்புக்குறியை அழுத்தினாள்.

உபயக்காரர்: செல்லம்மா.

மணி ஓய்ந்தது. பஞ்சாலை கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"என்னா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. நீங்க கும்பிட்டு முடிச்சுத் தெறந்தீங்க. நான் கும்பிடாமத் தெறந்தேன்."

"அதுக்கு அம்மன் பேரையே மாத்துவாளா?"

"வரி வந்தது அழுத்தின நிமிசத்துல. ஆனா அது பேரைப் படம் புடிச்சு வச்சிக்கல அக்கா. பேரு இருக்கற பெட்டியை விரலால காட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். நாம எப்ப அம்புக்குறியைத் தட்டறமோ, அப்பத்தான் பெட்டியைத் தெறந்து பாத்துச் சொல்லுது. அப்ப உள்ள என்னா இருக்கோ அது. இந்த நீலக் கட்டம் அதைத்தான் எச்சரிக்குது. 'நீ விரிச்ச நேரத்துல பாத்தது இது, முன்னாடி வேற இருந்திருக்கலாம்'னு."

பஞ்சாலை வாயைப் பிளந்தாள். "காலையில நடந்ததுக்குச் சாட்சி சொல்லக் கூப்புட்டா, மத்தியானம் எட்டிப் பாத்துட்டு வந்து சொல்ற ஆளு."

"அதேதான்."

சொல்லும்போதே அவளுக்குள் எதுவோ சரிந்தது. மனிதர்கள் வேண்டாம் என்று அவள் போய்ச் சாய்ந்த சுவர் இது. பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்கிற நேரத்தைப் பொறுத்து வேறு பதில் சொல்கிறது. இனி எதில் சாய்வது என்று யோசிக்க இப்போது நேரமில்லை. அழுத்தியபோது பெட்டியில் செல்லம்மா இருந்தாள். மணி அடிக்கிற நேரத்துக்குள் யாரோ பெட்டியைத் திறந்து பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

"யாருன்னு எப்படிப் புடிக்கறது?" என்றாள் பஞ்சாலை.

"பேரை மாத்த வர்றவன் ஒரே கதவு வழியா வர்ற மாதிரி பண்ணிட்டு, கதவுல ஆளை நிறுத்தணும். எங்கிருந்து வந்த, யாரு அனுப்புனான்னு வழி பூரா எழுதி வைக்கற ஆளு." அவள் சில வரிகள் சேர்த்து, நடுவில் console.trace என்று தட்டினாள். அழுத்தினாள்.

மணி ஒலித்தது. இந்த முறை பஞ்சாலை ஒரு கண்ணை மட்டும் மூடினாள்.

மணியின் நடுவில் கன்சோலில் வழித்தடம் ஒன்று படிபடியாக விழுந்தது. வந்தவன் சசிதரனின் கோப்பிலிருந்து வரவில்லை. lights.js என்ற கோப்பிலிருந்து வந்திருந்தான். ஓரத்தில் மின்னுகிற கலர் பல்புகளை ஓட்டும் கோப்பு.

ஜோசலின் அந்தக் கோப்பைத் திறந்தாள். இடைவெளியே இல்லாமல் எல்லாம் ஒரே நீள வரியாக நெரித்து வைக்கப்பட்டிருந்தது. படிக்க ஒரு வாரம் ஆகும். அவள் சசிதரனுக்குப் போன் போட்டாள்.

"நான் லைட்டே போடல அக்கா" என்றான் அவன், அழுதுவிடுகிற குரலில். "மணி மட்டுந்தான் என்னுது. அப்பறமா யாரோ சேத்திருக்காங்க. கோயில் கம்ப்யூட்டர்ல யோகேந்திரன் அங்கிள் கிட்டதான் பாஸ்வேர்டு."

பஞ்சாலை கைகளைத் தட்டினாள். "அப்ப திருநீறுதான் திருடன். படத்தையும் அவரே எடுத்துக் குடுத்து, லைட்டையும் அவரே போட்டு."

"யாரு திருடன்?"

யோகேந்திரன் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் தட்டு, தட்டில் வடை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

ஜோசலின் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். ஒருமுறை மணி ஓய்ந்த பிறகு திறந்து காட்டினாள். ஒருமுறை மணி நடுவே. அவர் இரண்டையும் பார்த்தார். தட்டு மேசையில் சாய்வாக இறங்கியது.

"நான் மணி ஓயட்டும்னு நின்னேன்" என்றார். "சாமி மணி அடிக்கறப்ப எலியைப் போட்டுத் தட்டறது மரியாதை இல்லன்னு, கும்பிட்டுட்டுத்தான் தெறந்தேன். நெசமா அந்தப் பேருதான் இருந்துச்சு. நான் பொய் சொல்லலம்மா."

முகத்தைப் படிக்கத் தெரியாத ஜோசலினுக்குக்கூட அந்த முகம் புரிந்தது. இவர் ஏமாற்றவில்லை, கும்பிட்டிருக்கிறார். கேட்கிற நேரம் தவறியதால் தவறான பதில் கிடைத்த ஒரு நேர்மையான மனிதர்.

"லைட்டு ஃபைல் யாரு குடுத்தது அண்ணே?"

அவர் அலுவலக அறைப் பக்கம் பார்த்தார். "தலைவரு மருமகன் கோலாலம்பூருல கம்ப்யூட்டர் கம்பெனி வச்சிருக்காரு. தலைவருதான் பென்டிரைவ்ல கொண்டாந்து குடுத்தாரு. திருவிழா வருது, கொஞ்சம் அழகா இருக்கட்டும்னாரு. நான் போட்டேன்."

"அப்ப சன்னாசி குடும்பத்தைக் குறி வச்சிருக்காரு" என்றாள் பஞ்சாலை. "செல்லம்மான்னு பேரு வந்தா மாத்து."

"இருக்கலாம்" என்றாள் ஜோசலின். அந்தச் சொல்லிலும் சந்தேகம் ஒட்டியிருந்தது. மிகச் சுலபமாக வந்து மடியில் விழும் விடைகளை அவள் வாங்கிக்கொள்வதில்லை.

"எம்பேரைப் போட்டுப் பாரு. எனக்கெல்லாம் ரதம் குடுப்பாங்களான்னு பாப்போம்." பஞ்சாலை நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் விவரங்களைத் தட்டினாள். பெயர், அடையாள அட்டை எண், வேனின் மீது எழுதியிருக்கும் தொலைபேசி எண். அரசாங்கப் படிவத்தில் இருப்பதுபோலத் திருமண நிலைக்கும் நாலு மலாய்ச் சொற்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அழுத்தினாள். மணி ஓய்ந்தது. வரியை விரித்தாள்.

உபயக்காரர்: அமிர்தலிங்கம்.

"பாத்தியா" என்று சிரித்தாள். "நான் இந்தத் தோட்டமே இல்ல. என்னைக் கண்டாலும் ஆகாது. அம்பாங்கான் ஆளுங்கன்னாலே பயம் போல."

ஜோசலின் தன் பெயரைப் போட்டாள். மணி ஓய்ந்தது. விரித்தாள்.

உபயக்காரர்: ஜோசலின்.

பஞ்சாலை புருவத்தைத் தூக்கினாள். "வேதக்காரிக்கு ரத நாளு. மாரியம்மன் கோயில்ல. இது நல்ல வெப்சைட்டு லா."

ஆனால் ஜோசலின் சிரிக்கவில்லை. இரண்டு பதிவுகளையும் மேலிருந்து கீழாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் வேறு, எண் வேறு, அது எல்லோருக்கும் வேறுதான். இன்னொன்றும் வேறாக இருந்தது. அதைப் பார்த்த கணத்தில், விடை தப்பாக இருந்துவிட வேண்டும் என்று அவள் விரும்பினாள். இந்தத் தொழிலில் அப்படி விரும்பியது அவளுக்கு இதுதான் முதல் முறை.

"அக்கா, நீங்க வெளிய போயி கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்களேன்."

"ஏன், நான் என்னா பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மான்னு நீ சொன்னா சும்மா இருக்காது. இங்கயே இருக்கேன்."

ஜோசலின் நான்கு பதிவுகள் எழுதினாள். நான்கிலும் ஒரே கற்பனைப் பெயர், ஒரே எண், ஒரே லயம். திருமண நிலை மட்டும் வேறு வேறு. ஒவ்வொன்றாக அழுத்தினாள். நான்கு முறை மணி ஒலித்து ஓய்ந்தது. யோகேந்திரன் ஒருமுறைகூடக் கைகூப்பவில்லை. கடைசியில் console.table என்று தட்டினாள். கட்டம் கட்டமாக அட்டவணை விரிந்தது.

புஜாங், திருமணம் ஆகாதவர். பெயர் மாறவில்லை. பெர்காவின், திருமணமானவர். மாறவில்லை. டுடா, மனைவியை இழந்தவர். மாறவில்லை.

பாலு, கணவனை இழந்தவள். அமிர்தலிங்கம்.

பஞ்சாலை அட்டவணையைப் படித்து முடித்தாள். அவளுடைய கணவன் மோட்டாரில் போய்த் திரும்பாத கதையை அவள் ஒரே ஒருமுறை ஜோசலினிடம் சொல்லியிருந்தாள். அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னாள். இப்போது ஏதாவது சொல்வாள் என்று ஜோசலின் காத்திருந்தாள். பஞ்சாலை மேசையில் சிந்திக் கிடந்த விதைத் தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் யோகேந்திரன். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

---

அமிர்தலிங்கம் மறுக்கவில்லை. அதுதான் ஜோசலின் எதிர்பார்க்காதது. அட்டவணையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது? நீ மொத வெளக்கு ஏத்தக் கூடாதுன்னு ஒரு பொம்பளகிட்ட நான் வாயால சொல்லணுமா? நொந்து போயிருமே. வெப்சைட்டே மாத்திட்டா அது யாரையும் கோவிச்சுக்காது. மெசினு தப்புன்னு போயிடும். அது மனசைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

"அவங்க நாளு அங்கிள்."

"தீட்டு வீடும்மா. சாவு விழுந்து வருசம் திரும்பல. சாமி காரியம். ஒங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்காது."

ஜோசலின் அவருக்குப் பின்னால் பார்த்தாள். மாலை. சிவப்பு பல்பு. ஜனவரித் தேதி.

"டுடாவுக்கு மாறல அங்கிள்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தேத்தண்ணிக் குவளையைத் தூக்கினார். அது காலியாக இருந்தது. மறுபடியும் வைத்தார்.

குரலை இறக்கிப் பேசினார். "சரி. நான் செஞ்சது தப்புன்னே வச்சிக்கங்க. இந்த நெலம் கம்பெனிக்காரன் கையில. கோயிலை எப்படா தூக்கலாம்னு நிக்கறான். இப்ப நாங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சிக்கிட்டா அவனுக்கு வேலை சுலபம். அப்பறம் செல்லம்மாவுக்கும் ரதம் இல்ல, எனக்கும் இல்ல. யாருக்கும் இல்ல. யோசிங்க. ஒரு பொண்ணோட ஒரு நாளு, ஒரு ஊரு கோயிலு."

அது பொய்யில்லை. அதுதான் கடினமாக இருந்தது. சன்னல் வழியே அவள் லயங்கள் இருந்த புல்லைப் பார்த்தாள். இந்த மனிதர் இந்தக் கோயிலுக்காக எத்தனை அலுவலகப் படிகள் ஏறியிருப்பார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அவர் வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். மேலே ஒரு பேனா வைத்தார்.

"ஒரே வரி போதும். அழுத்துனப்பவே பேரு தப்பா இருந்துச்சு, பையனோட தப்புன்னு. அந்தப் பையனை நான் போலீசுக்கெல்லாம் கொண்டு போவ மாட்டேன். அடுத்த வருசம் வேற ஏதாச்சும் நாளு பாத்துச் செல்லம்மாவுக்கு நானே குடுக்கறேன். சத்தியமா. எழுதிக் குடுங்கம்மா."

வாசலில் பஞ்சாலை நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. அவளுக்கும் அப்பால், கொட்டகையிலிருந்து செல்லம்மா தேய்த்து முடித்த விளக்குகளைத் தட்டில் அடுக்கித் தூக்கி வந்துகொண்டிருந்தாள். மழை பிடிப்பதற்குள் மண்டபத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் அவள் நடையில் இருந்தது.

ஜோசலின் பேனாவை எடுத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் போட்டாள். தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அழுத்துனப்ப அவங்க பேருதான் இருந்துச்சு அங்கிள்" என்றாள், வெளியே கேட்காத குரலில். "வேற எதையும் நான் எழுத மாட்டேன்."